ஒரு வாக்கினால் தோற்ற காப்புறுதித் திட்டம்

ஏர்ள் வாரன் என்ற பெயரை எமது வாசகர்களில் பலர் இரு காரணங்களுக்காக அறிந்திருப்பர். அமெரிக்கப் பாடசாலைகளில் மாணவர்களை இனரீதியாகப் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954 ஆம் ஆண்டில் ஏகமனதாகத் தீர்ப்பளித்த உயர்நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் அவர். ஜனாதிபதி ஜோன் எவ். கென்னடியின் கொலையை விசாரித்த ஆணைக்குழுவும் அவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால், அவற்றுக்கு முன்னர் 1943 முதல் 1953 வரை கலிபோர்னியா மாநிலத்தின் ஆளுநராக அவர் பதவி வகித்தார். அந்தப் பதவிக்காலத்தில் அவர் கொண்டுவந்த ஒரு திட்டம் ஒரேயொரு வாக்கினால் தோற்றுப்போனது பற்றி எமது தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதப்பட்டதை நான் கண்டதில்லை. அதைத் தோற்கடிப்பதில் முன்னின்றது எதிர்க்கட்சி அல்ல. மாநிலத்தின் மருத்துவர் சங்கம். அந்தச் சங்கத்துக்காகக் களத்தில் இறங்கி வேலைசெய்தவர்களோ பத்திரிகைத் துறையில் இருந்து வந்த ஒரு தம்பதியர். எனது தொழிலைச் சேர்ந்தவர்கள் சம்பந்தப்பட்டிருப்பதனாலேயே இந்த வரலாறு என்னை நீண்டகாலமாக ஈர்த்துவந்திருக்கிறது.

கலிபோர்னியா மருத்துவ சங்கம் 1856 ஆம் ஆண்டில் சக்ரமென்டோ நகரில் தொடங்கப்பட்டது. தங்கம் தேடி வந்தவர்களின் கூட்டத்தோடு உண்மையான மருத்துவர்களும் போலிகளும் வேறுபாடின்றி அந்த மாநிலத்துக்குள் வந்து குவிந்திருந்த காலம் அது. அதற்கு ஒன்பது வருடங்கள் முன்னதாக, 1847 இல், பிலடெல்பியாவில் அமெரிக்க மருத்துவ சங்கம் அமைக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்துக்காக ஞாபகத்தில் இருக்கக்கூடும். மானிப்பாயில் மருத்துவப் பணி செய்து, மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழில் தந்த மசசூசெட்ஸ் மாநிலத்தவரான டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இலங்கைக்கு வந்ததும் அதே 1847 ஆம் ஆண்டில்தான்.

அமெரிக்க மருத்துவ சங்கம் பற்றிப் பேசுகின்றவர்கள் பெரும்பாலும் அதன் சிக்காகோ தலைமையகத்தையே பார்க்கிறார்கள். அதன் பலம் அங்கே இருக்கவில்லை. 1901 இல் செய்யப்பட்ட மறுசீரமைப்பின் பின்னர் ஒரு மருத்துவர் முதலில் தனது மாவட்டத்துச் சங்கத்தில் சேரவேண்டும். அதன் வழியாக மாநிலச் சங்கத்தின் உறுப்பினராவார். அதன் பிறகே தேசிய சங்கத்தில் இடம். 1900 ஆம் ஆண்டில் சுமார் 8,000 ஆக இருந்த தேசிய சங்கத்தின் உறுப்பினர் தொகை பத்து வருடங்களில் 70,000 ஆக உயர்ந்தது இந்த ஏற்பாட்டினாலேயே. மாவட்டச் சங்கம் கதவை மூடினால் மருத்துவர் ஒருவரின் பிழைப்பே கேள்விக்குறியாகும். பல வைத்தியசாலைகள் சங்க உறுப்பினர்களுக்கு மாத்திரமே நோயாளிகளை அனுமதிக்கும் உரிமையை வழங்கின. தொழில் தவறுகளுக்கான காப்புறுதியும் சங்கத்தின் வழியாகவே மலிவாகக் கிடைத்தது. தென் மாநிலங்களில் இதே கதவு கறுப்பின மருத்துவர்களுக்குப் பல தசாப்தங்களாக மூடப்பட்டிருந்தது என்பதையும், அதற்காக அமெரிக்க மருத்துவ சங்கம் 2008 ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது என்பதையும் இங்கு குறிப்பிடாமல் செல்லமுடியாது. ஆக, மருத்துவக் கொள்கை என்று வரும்போது மாநிலச் சங்கம் என்பது ஏதோ வருடாந்த மாநாடு நடத்திக் கலைந்துசெல்லும் அமைப்பு அல்ல. சட்டசபையின் வாசலில் அது ஓர் அதிகார மையம்.

கட்டாய மருத்துவக் காப்புறுதி என்ற யோசனை கலிபோர்னியாவுக்கு வாரன் கொண்டுவந்த புதுமை அல்ல. 1918 நவம்பரில் அந்த மாநில மக்கள் அதற்கு இடமளிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றின் மீது வாக்களித்தனர். முதலாம் உலகப்போர் முடிவடையும் தறுவாயில் இருந்த நேரம். இத்தகைய காப்புறுதியை முதலில் கொண்டுவந்த நாடு பிஸ்மார்க்கின் ஜேர்மனி. எதிர்ப்பாளர்களுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. ஜேர்மன் சக்கரவர்த்தியின் படத்தைப் போட்டு, அங்கே பிறந்த பண்டம் உங்களுக்கு இங்கே வேண்டுமா என்று கேட்டுத் துண்டுப்பிரசுரங்கள் விநியோகிக்கப்பட்டன. காப்புறுதிக் கம்பனிகளின் பணமும் மருத்துவர்களில் ஒரு பிரிவினரின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டன. திருத்தத்துக்கு ஆதரவாகக் கிடைத்ததைப் போன்று இரண்டரை மடங்குக்கும் கூடுதலான வாக்குகள் எதிராக விழுந்தன.

இதிலே வியப்புக்குரிய விடயம் என்னவென்றால், அடுத்த சுற்றில் இதே யோசனையை மருத்துவர் சங்கமே கையில் எடுத்தது. 1929 இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் மருத்துவர்களையும் விட்டுவைக்கவில்லை. நோயாளிகள் வந்தார்கள், கட்டணம் வரவில்லை. நான்கு வருடங்களில் கலிபோர்னிய மருத்துவர்களின் சராசரி வருமானம் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. 1935 இல் கலிபோர்னியா மருத்துவ சங்கத்தின் பிரதிநிதிகள் சபை, மருத்துவர்களின் கட்டுப்பாட்டில் இயங்குவதாக இருந்தால் கட்டாய மருத்துவக் காப்புறுதியை ஏற்றுக்கொள்ளத் தயார் என்று தீர்மானித்தது. சிக்காகோவில் இருந்த தலைமை அதிர்ந்துபோனது. தேசிய சங்கம் எதை சோசலிசத்தின் வாசற்படி என்று வர்ணித்ததோ, அதை அதன் பெரிய மாநிலச் சங்கங்களில் ஒன்று அங்கீகரித்திருந்தது. சட்டமூலம் நிறைவேறவில்லை என்பது வேறு விடயம். மந்தம் மெல்லத் தணிய, மருத்துவர்களின் ஆர்வமும் தணிந்தது.

1939 இல் ஆளுநர் கல்பேர்ட் ஒல்சன் மீண்டும் கட்டாயக் காப்புறுதிச் சட்டமூலம் ஒன்றை முன்வைத்தபோது சங்கம் வேறு பாதையில் சென்றது. அரசாங்கம் செய்வதற்கு முன்னர் நாமே செய்துவிடுவோம் என்பதுபோல் கலிபோர்னியா மருத்துவர் சேவை என்ற நிறுவனத்தை அதே ஆண்டில் ஆரம்பித்தது. ஸ்டான்பேர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவரும் ஜனாதிபதி ஹூவரின் அமைச்சரவையில் அங்கம் வகித்தவருமான டாக்டர் ரே லைமன் வில்பர் அதற்குத் தலைமை தாங்கினார். வருடத்துக்கு 3,000 டொலர்களுக்குக் குறைவாக உழைக்கும் ஊழியர் குழுக்களுக்கு மாதம் 1 டொலர் 70 சதம் சந்தாவில் மருத்துவரின் சேவை கிடைக்கும் என்பதே ஏற்பாடு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை அலகுகள் என்று வகுத்து, மாத முடிவில் இருக்கும் பணத்தை அலகுகளின் எண்ணிக்கையால் பிரித்து மருத்துவர்களுக்குக் கொடுத்தார்கள். எதிர்பார்த்ததை விடவும் அதிகமான நோயாளிகள் வந்தார்கள். அலகு ஒன்றுக்கு 2 டொலர் 50 சதம் என்று கணக்கிட்டிருந்த மருத்துவர்களின் கைக்குக் கிடைத்தது ஏறத்தாழ அதன் பாதியே. மக்களுக்கு மருத்துவம் எந்தளவு தேவைப்பட்டிருந்தது, அவர்கள் அதுவரையில் எந்தளவுக்கு அதைத் தள்ளிப்போட்டு வந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்த நிறுவனமே இன்று புளூ ஷீல்ட் ஒவ் கலிபோர்னியா என்ற பெரும் காப்புறுதி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

இனி வாரனுக்கு வருவோம். குடியரசுக் கட்சிக்காரர். அரச வழக்கறிஞராக இருந்த காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரைத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்புவதற்கு ஆதரவளித்தவர். சோசலிஸ்ட் என்று அவரை எவரும் சொல்லிவிட முடியாது. 1944 இன் பிற்பகுதியில் சிறுநீரகத் தொற்று நோயினால் பாதிக்கப்பட்டு வைத்தியசாலையில் இருந்தபோது, ஆளுநரான தன்னாலேயே இந்தச் செலவைத் தாங்குவது சிரமம் என்றால் சாதாரண தொழிலாளி ஒருவரின் குடும்பம் என்ன செய்யும் என்ற எண்ணம் அவருக்கு ஏற்பட்டது. 1945 ஜனவரியில் தனது திட்டத்தை அறிவித்தார். ஊழியரின் சம்பளத்தில் இருந்து ஒன்றரை சதவீதம், தொழில் வழங்குநரிடம் இருந்து அதே அளவு. நோயாளி தான் விரும்பும் மருத்துவரைத் தெரிவுசெய்யலாம். சங்கத்தின் தலைவர்களுடன் முன்கூட்டியே பேசியிருந்ததால் அவர்கள் ஒத்துழைப்பார்கள் என்றே வாரன் நம்பியிருந்தார். பிரதிநிதிகள் சபை கூடி திட்டத்தை எதிர்ப்பது என்று முடிவெடுத்தபோதுதான் தனது கணிப்பு எவ்வளவு பிழையானது என்பது அவருக்குப் புரிந்தது.

பத்து வருடங்களுக்கு முன்னர் தானே ஏற்றுக்கொண்ட கொள்கையை ஒரு சங்கம் இப்படித் தலைகீழாக எதிர்த்தது ஏன்? தத்துவ விளக்கங்கள் பல கூறப்பட்டிருக்கின்றன. எனக்கு எளிமையான காரணமே சரியாகப் படுகிறது. 1935 இல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் இருந்தவர்களிடம் பணம் இல்லை. 1945 இல் இருந்தது. யுத்தகாலக் கப்பல் கட்டும் தளங்களும் விமானத் தொழிற்சாலைகளும் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த சம்பளம் மருத்துவர்களின் வருமானத்தையும் உயர்த்தியிருந்தது. போதாததற்கு, றிச்மண்ட் கப்பல் தளத் தொழிலாளர்களுக்காக ஹென்றி கைசரும் டாக்டர் சிட்னி கார்பீல்டும் நடத்திய முன்கொடுப்பனவு மருத்துவத் திட்டம் 1945 இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. உள்ளூர் மருத்துவ சங்கங்கள் அதன் மருத்துவர்களைத் தங்களில் ஒருவராக ஏற்க மறுத்தன. இத்தகைய ஒதுக்கல் சட்டவிரோதமானது என்று, வாஷிங்டன் தலைநகரத்தில் நடந்த இதேபோன்ற இன்னொரு வழக்கில், 1943 ஆம் ஆண்டே உயர்நீதிமன்றம் தீர்த்துவைத்திருந்தபோதிலும் நடைமுறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

சங்கம் வாடகைக்கு அமர்த்தியது கம்பெய்ன்ஸ் இன்கோர்ப்பரேட்டட் என்ற நிறுவனத்தை. அரசியல் பிரசாரத்தை ஒரு தொழிலாகவே நடத்துவதற்கு என்று உலகில் தோன்றிய முதல் நிறுவனம் என்று வரலாற்றாசிரியர்கள் அதை வர்ணிப்பர். 1933 இல் அதை ஆரம்பித்த கிளெம் விட்டேக்கர் பதின்ம வயதிலேயே செய்தியாளராகி, சக்ரமென்டோ யூனியன் பத்திரிகையின் நகரச் செய்தி ஆசிரியராக இருந்தவர். லியோன் பக்ஸ்டரும் பத்திரிகையில் எழுதியவரே. 1938 இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். 1934 ஆளுநர் தேர்தலில் எழுத்தாளர் அப்டன் சிங்க்ளயரைத் தோற்கடித்ததே அவர்களுக்குப் பெயர் தேடிக்கொடுத்தது. செய்தது என்ன? சிங்க்ளயரின் நாவல்களை எடுத்து வைத்துக்கொண்டு அவற்றில் வரும் பாத்திரங்கள் பேசும் வசனங்களைப் பொறுக்கி, அவையெல்லாம் சிங்க்ளயரின் சொந்தக் கருத்துகள் என்பதுபோல் காட்டினார்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் அத்தகைய மேற்கோள்களைத் தேர்தல் வரையில் நாள்தோறும் முதற்பக்கத்தில் கட்டம்போட்டுப் பிரசுரித்தது. ஒரு நாவலாசிரியரைத் தோற்கடிப்பதற்கு அவரது நாவல்களே பயன்பட்டன. 1942 இல் வாரனை ஆளுநராக்கிய பிரசாரத்தையும் இதே தம்பதியர்தான் நடத்தினர் என்பது இன்னொரு வேடிக்கை. தனது அனுமதியின்றி ஓர் அறிக்கையை வெளியிட்டமைக்காக கடைசி நேரத்தில் வாரன் அவர்களின் சேவையை முடித்துக்கொண்டார். மூன்று வருடங்களின் பின்னர், வருடத்துக்கு 25,000 டொலர்கள் ஊதியத்தில், அவருக்கு எதிராகவே அவர்கள் வந்து நின்றனர்.

அவர்கள் கையாண்ட முறைகளைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஒன்றை எதிர்ப்பதானால் அதற்குப் பதிலாக வேறொன்றைக் காட்டவேண்டும் என்பது விட்டேக்கரின் பாடம். ஆகவே, காப்புறுதியை எதிர்க்கிறோம் என்று அவர்கள் சொல்லவேயில்லை. சொந்த விருப்பத்தின் பேரில் காப்புறுதி செய்யுங்கள் என்றார்கள். விருப்பக் காப்புறுதி வாரம் என்று ஒரு வாரத்தை உருவாக்கி, கலிபோர்னியாவின் 58 மாவட்டங்களில் 53 இல் அதைக் கொண்டாடச் செய்தார்கள். நானூறுக்கும் அதிகமான பத்திரிகைகளில் அதற்கு விளம்பரங்கள் வெளியாகின. வாரனின் திட்டத்துக்கோ வேறொரு பெயர் சூட்டினார்கள்: அரசியல் மருத்துவம். அரசியல் மருத்துவம் கெட்ட மருத்துவம் என்ற சுலோகம் மாநிலமெங்கும் ஒலித்தது. ஒன்பதாயிரம் வரையான மருத்துவர்களுக்குத் தயாரித்த பேச்சுகளைக் கொடுத்து மக்கள் மத்தியில் பேச அனுப்பினார்கள். நோயாளிக்கு தனது மருத்துவர் மீது இருக்கும் நம்பிக்கையைப் போன்ற பெறுமதி வாய்ந்த முதலீடு எந்த அரசியல்வாதியிடமும் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த நம்பிக்கையைச் சிகிச்சை அறையில் இருந்து எடுத்து வாக்கு வேட்டையில் செலவழித்தார்கள்.

பத்திரிகைகளின் பங்கு என்ன என்ற கேள்விக்கு எனக்கு வெட்கம் கலந்தே பதில் சொல்லவேண்டியிருக்கிறது. தம்பதியரிடம் கட்டுரைச் சேவை ஒன்றும் இருந்தது. விளம்பர முகவர் நிலையம் ஒன்றும் இருந்தது. கட்டுரைச் சேவை வாரந்தோறும் சுமார் முந்நூறு பத்திரிகைகளுக்கு ஆசிரிய தலையங்கங்களையும் கேலிச்சித்திரங்களையும் இலவசமாக அனுப்பியது. ஆளணியற்ற சிறிய ஊர்ப் பத்திரிகைகள் அவற்றை அப்படியே அச்சில் ஏற்றின. விளம்பர முகவர் நிலையம் அதே பத்திரிகைகளுக்கு விளம்பரங்களைக் கொடுத்தது. இரண்டுக்கும் இடையே எந்த நிபந்தனையும் எழுத்தில் இருக்கவில்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. பிரசாரம் தொடங்கியபோது வாரனின் திட்டத்தை எதிர்த்த பத்திரிகைகள் சுமார் நூறு. முடியும்போது அந்தத் தொகை நானூறைத் தாண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் கொழும்பில் நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்த காலத்தில், ஆசிரியபீடத்து மேசைக்கு நாள்தோறும் வரும் அறிக்கைகளைச் சுருக்கி எழுதுவதே எனது முதல் வேலையாக இருந்தது. தொழிற்சங்கங்கள், வர்த்தக சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள் என்று எல்லோரிடமிருந்தும் அறிக்கைகள் வரும். அவற்றில் ஒருசில அறிக்கைகளின் ஓரத்தில் விளம்பரப் பிரிவில் இருந்து பென்சிலால் ஒரு குறிப்பு இருக்கும். முழுமையாகப் போடவும் என்று மாத்திரம். ஏன் என்று எழுதப்பட்டிருக்காது, நாமும் கேட்பதில்லை. அந்தப் பத்திரிகை இன்று இல்லை. கலிபோர்னியாவின் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அவர்களில் ஒருவரை நேரில் பார்த்துப் பழகியது போன்ற உணர்வே எனக்கு ஏற்படும். கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்லமாட்டேன். அடுத்த வாரப் பத்திரிகைக்குக் காகிதம் வாங்கவேண்டியவர்கள்.

சட்டமூலம் கலிபோர்னிய சட்டசபையில் ஒரேயொரு வாக்கினால் தோற்றது. 1947 இலும் 1949 இலும் வைத்தியசாலைச் செலவுகளுக்கு மட்டும் என்று திட்டத்தைச் சுருக்கி வாரன் மீண்டும் முயன்று பார்த்தார். முதல் தடவை நெருங்கி வந்த அளவுக்குக்கூட அவை வரவில்லை.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு மாநிலத்தின் வரலாறாக மட்டும் இருந்திருக்கும். 1945 நவம்பர் 19 ஆம் திகதி ஜனாதிபதி ஹரி ட்ரூமன் தேசிய மருத்துவக் காப்புறுதியைக் காங்கிரஸிடம் முன்மொழிந்தார். 1948 தேர்தலில் அவர் எதிர்பாராத வெற்றி பெற்றதும் அமெரிக்க மருத்துவ சங்கம் பதற்றமடைந்து, ஒவ்வோர் உறுப்பினரிடமும் 25 டொலர்கள் விசேட அறவீடு செய்து, கலிபோர்னியாவில் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட அதே தம்பதியரை சிக்காகோவுக்கு அழைத்தது. (அந்தத் தேர்தலில் ட்ரூமனிடம் தோற்ற அணியின் உப ஜனாதிபதி வேட்பாளர் வேறு யாருமல்ல, ஏர்ள் வாரன்தான்.) மாநிலச் சங்கத்தின் தந்திரம் தேசிய சங்கத்தின் கொள்கையாக உயர்ந்தது. 1949 இல் மாத்திரம் செலவிடப்பட்ட தொகை சுமார் 15 இலட்சம் டொலர்கள். அதுவரையான அமெரிக்க வரலாற்றில் சட்டவாக்கம் ஒன்றின் மீது செல்வாக்குச் செலுத்துவதற்கு எவரும் அவ்வளவு பணத்தைச் செலவிட்டதில்லை. மூன்றரை வருடங்களில் மொத்தச் செலவு ஐம்பது இலட்சத்தை நெருங்கியது.

பிரித்தானிய ஓவியர் லூக் பீல்ட்ஸ் 1891 இல் வரைந்த மருத்துவர் என்ற ஓவியத்தை வாசகர்கள் எங்காவது பார்த்திருப்பார்கள். ஏழைக் குடிசை ஒன்றில் இரு கதிரைகளைச் சேர்த்துப்போட்ட படுக்கையில் நோயுற்ற குழந்தை. அதன் அருகே தாடையில் கைவைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர். பின்னால் செய்வதறியாது தவிக்கும் பெற்றோர். தனது சொந்தக் குழந்தையை இழந்த ஓவியர் அந்தத் துயரத்தில் இருந்து வரைந்தது. இந்தப் படத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள் என்று கீழே எழுதி, அந்த ஓவியத்தைச் சுவரொட்டியாக்கி அமெரிக்காவெங்கும் மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளில் மாட்டினார்கள். படத்தில் இருக்கும் தந்தை மருத்துவருக்கு எங்கிருந்து பணம் கொடுக்கப்போகிறார் என்ற கேள்வி அந்தச் சுவரொட்டியைப் பார்த்த எத்தனை பேருக்குத் தோன்றியதோ! விட்டேக்கர் தம்பதியரின் திறமையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஏழைக் குழந்தையின் படத்தைக் கொண்டே ஏழைக் குழந்தைகளுக்கான காப்புறுதியைத் தோற்கடிப்பது எல்லோராலும் முடிகின்ற காரியமல்ல.

சங்கத்தின் கையேடு ஒன்று, மருத்துவத்தைச் சமூகமயமாக்குவதே சோசலிச அரசுக்கு ஆதாரக்கல் என்று லெனின் கூறியதாக எழுதியது. காங்கிரஸ் நூலகம் லெனினின் எழுத்துகளில் தேடிப்பார்த்தது. அப்படியொரு வசனம் கிடைக்கவில்லை. அதனால் எவருக்கும் எந்த நட்டமும் ஏற்படவில்லை. 1950 ஒக்டோபரில், இடைக்காலத் தேர்தலுக்கு முன்னதாக, இரு வாரங்களுக்குள் சுமார் 11 இலட்சம் டொலர்களுக்கு நாடெங்கும் பத்திரிகை விளம்பரங்கள் கொடுக்கப்பட்டன. ட்ரூமனின் திட்டத்தை ஆதரித்த செனட்டர்களில் புளோரிடாவின் குளோட் பெப்பரும் யூட்டாவின் எல்பேர்ட் தோமஸும் அந்த ஆண்டில் தங்கள் ஆசனங்களை இழந்தனர். அவர்களின் தோல்விக்கு மருத்துவர்கள் மாத்திரமே காரணம் என்று சொல்வது மிகை. பனிப்போரும் கொரிய யுத்தமும் இருந்தன. ஆனால் அடுத்த தேர்தலை எதிர்கொள்ளவிருந்த மற்றைய செனட்டர்கள் காரணங்களைப் பகுத்தாராய்ந்து கொண்டிருக்கவில்லை.

அதே காலகட்டத்தில் உலகின் மற்றைய இடங்களில் நடந்தவற்றையும் நோக்கவேண்டும். பிரித்தானியாவில் மருத்துவ சங்கம் முரண்டுபிடித்தபோதிலும் 1948 ஜூலை 5 ஆம் திகதி தேசிய சுகாதார சேவை ஆரம்பமானது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் 1962 இல் மருத்துவர்கள் மூன்று வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தும் அரசாங்கம் பின்வாங்கவில்லை. இலங்கையில் 1951 இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. எழுபதுகளில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டதைத் தவிர அந்த ஏற்பாடு நிலைத்திருக்கிறது. எமது மருத்துவ அதிகாரிகள் சங்கமும் பலம் வாய்ந்ததுதான். இடமாற்றத்துக்கும் கொடுப்பனவுக்கும் அது பணிப்பகிஷ்கரிப்பு செய்வதைக் கண்டிருக்கிறோம். ஆனால், இலவச மருத்துவத்தையே ஒழிக்கவேண்டும் என்று கேட்கும் துணிச்சல் இங்கு எந்தச் சங்கத்துக்கும் வராது. மக்களின் கைக்கு ஒரு தடவை வந்துவிட்ட உரிமையை எடுப்பது கடினம். வருவதற்கு முன்னர் தடுத்துவிடுவது எளிது. விட்டேக்கர் தம்பதியர் தங்கள் வேலையைச் செய்தது அந்த இடைவெளியில்.

அமெரிக்காவில் அந்த இடைவெளியைத் தொழில் வழங்குநர்களின் காப்புறுதி நிரப்பியது. 1950 அளவில் மக்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஏதோவொரு வைத்தியசாலைக் காப்புறுதி இருந்தது. அந்த வகையில் சங்கம் சொன்னது முற்றிலும் பொய்யல்ல. ஆனால் வேலையில் இருப்பவருக்குக் கிடைத்தது வேலை இழந்தவருக்கும் முதியவருக்கும் கிடைக்கவில்லை. 1961 இல் முதியவர்களுக்கான திட்டத்தை எதிர்த்து மருத்துவர்களின் மனைவியர் அயலவர்களைக் கோப்பி விருந்துக்கு அழைத்து ஓர் இசைத்தட்டைப் போட்டுக் கேட்கவைக்கும் பிரசாரம் ஒன்றை அமெரிக்க மருத்துவ சங்கம் நடத்தியது. இசைத்தட்டில் பேசியவர் நடிகர் ரொனால்ட் ரீகன். ஐந்து வருடங்கள் கழித்து அவர் தேர்தலில் வென்று கலிபோர்னியாவின் ஆளுநரானார். ஆனால் அந்தத் திட்டம் தடுக்கப்படவில்லை. 1965 ஜூலை 30 ஆம் திகதி ஜனாதிபதி ஜோன்சன் மிசூரி மாநிலத்துக்குச் சென்று, 81 வயதான ட்ரூமனை அருகில் இருத்திக்கொண்டு மெடிகெயார் சட்டத்தில் கையெழுத்திட்டு, முதலாவது அட்டையை அவரிடமே கொடுத்தார்.

கலிபோர்னியா மருத்துவ சங்கத்தை ஒரு வில்லனாக மாத்திரம் வர்ணித்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. 2014 இன் இறுதியில் டிஸ்னிலாண்டில் தொடங்கிய சின்னமுத்து பரவலுக்குப் பிறகு, தனிப்பட்ட நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியைத் தவிர்ப்பதற்கு இருந்த சலுகையை நீக்கும் சட்டம் 2015 இல் நிறைவேறியதில் அந்தச் சங்கம் முன்னணியில் நின்றது. சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் றிச்சர்ட் பான் ஒரு குழந்தை மருத்துவர். 2016 இல் சிகரெட் பெட்டி ஒன்றுக்கு இரண்டு டொலர்கள் வரியை உயர்த்தும் மக்கள் வாக்கெடுப்புக்காகப் புகையிலைக் கம்பனிகளின் பணபலத்தை எதிர்த்து நின்று வென்றது. மறுபுறத்தில், 1975 இல் மருத்துவத் தவறுகளினால் ஏற்படும் வலிக்கும் வேதனைக்கும் 250,000 டொலர்களுக்கு மேல் நட்டஈடு கிடையாது என்று சட்டம் கொண்டுவரச்செய்து, விலைவாசி பன்மடங்கு உயர்ந்த பிறகும் 47 வருடங்கள் அந்த உச்சவரம்பை ஒரு சதம்கூட உயர்த்தவிடாமல் காவல்காத்ததும் இதே சங்கம்தான். 2022 இல் வழக்கறிஞர் தரப்புடன் ஓர் இணக்கத்துக்கு வந்த பின்னரே அது படிப்படியாக உயர்த்தப்படலாயிற்று. தனது உறுப்பினர்களின் நலனும் மக்களின் நலனும் ஒரே திசையில் போகும்போது இத்தகைய சங்கத்தைப் போன்ற நல்ல நண்பன் மக்களுக்குக் கிடையாது. எதிரெதிர்த் திசைகளில் போகும்போது என்ன நடக்கும் என்பதை 1945 காட்டியது.

கலிபோர்னியாவில் காப்புறுதி இல்லாதவர்களின் விகிதம் 2013 இல் சுமார் 17 சதவீதமாக இருந்தது; ஒபாமாவின் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்து பத்து வருடங்களில் அது ஏழு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தச் சட்டத்தை 2010 இல் அமெரிக்க மருத்துவ சங்கம் ஆதரித்தது. எல்லோருக்கும் அரசாங்கமே காப்புறுதி வழங்கும் முறைமையை மட்டும் அது தொடர்ந்து எதிர்த்துவந்தது. 2019 ஜூனில் சிக்காகோவில் கூடிய அதன் பிரதிநிதிகள் சபையில், அந்த எதிர்ப்பைக் கைவிடுவோம் என்று மருத்துவ மாணவர்களின் பிரிவு கொண்டுவந்த யோசனை வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. அந்த மாநாட்டின்போது தாதியரும் மாணவர்களும் ஆர்ப்பாட்டம் செய்தனர். யோசனைக்கு எதிராக 53 சதவீதம், ஆதரவாக 47 சதவீதம்.